உலோகத்தில் கிரெய்ன் சிறிதானால் வலிமை ஏன் கூடுகிறது?

தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் முதலில் அதற்கான விடையைச் சொல்லிவிடுகிறேன். உலோகம் என்பது நெருக்கி ஒட்டிய குட்டிப் படிகங்களின் கூட்டம். ஒவ்வொரு படிகமும் ஒரு கிரெய்ன். வளைக்கும்போது உள்ளே அணு அடுக்கில் இருக்கும் பிசகுகள் நகரும். பக்கத்து கிரெய்னில் அடுக்கு வேறு திசையில் இருப்பதால் எல்லையில் வந்து முட்டி நின்றுவிடும். கிரெய்ன் சிறிதானால் எல்லைகள் அதிகம், நகர்வது கஷ்டம். 1951-ல் ஹால், 1953-ல் பெட்ச் என்ற ஆய்வாளர்கள் இரும்பில் கண்ட கணக்குப்படி, கிரெய்னின் விட்டம் நாலில் ஒன்றானால் அதனால் வரும் வலிமை இரண்டு மடங்காகும்.

எனக்கு இது உறைத்தது சேலம் செவ்வாய்பேட்டையில், எங்கள் கொலுசுப் பட்டறையில். அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக் கம்பியை அச்சில் இழுக்க இழுக்க விறைத்துக்கொள்ளும்; நடுநடுவே சூடு காட்டி இளக்க வேண்டும். அப்பா வெளிச்சம் படாத மூலையில் வைத்துத்தான் சூடு காட்டுவார். மங்கலாகச் சிவந்ததும் நெருப்பை எடுத்துவிடுவார். அன்று அவர் இல்லை. சூடு ஏற ஏற நன்றாக இளகும், வேலை சுலபம் என்று நினைத்து ஆரஞ்சு நிறம் வரும்வரை காட்டினேன். இளகத்தான் செய்தது. ஆனால் வளையம் சுற்றியபோது மேலெல்லாம் சாத்துக்குடித் தோல் மாதிரி சொரசொரப்பு, சில இடங்களில் வெடிப்பு. சூடு மீறியதில் கிரெய்ன்கள் பெருத்துவிட்டிருந்தன. சாயங்காலம் அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். "தீ அதிகமாயிடுச்சுப்பா" என்றார், அவ்வளவுதான். வளையமாக வெட்டிவிட்டதால் திரும்ப இழுக்கவும் முடியாது. மொத்தத்தையும் உருக்கினோம்.

வெள்ளியையும் இரும்பையும் ஒன்றாகப் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். ஒன்றில்லைதான். வெள்ளியில் இந்த விளைவு இரும்பைவிடக் குறைவு. பெருத்த கிரெய்னை இரும்பில் சூடாக்கி ஆறவிட்டே சிறிதாக்கலாம். வெள்ளியை மறுபடி அடித்தோ இழுத்தோதான் ஆக வேண்டும். கிரெய்ன் சிறியதாக இருப்பது எங்கேயும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. கடும் சூட்டில் சுழலும் ஜெட் இன்ஜின் பிளேடுகளை ஒரே படிகமாகவே வார்க்கிறார்கள். ஆனால் சூடு மீறினால் கிரெய்ன் பெருக்கும் என்பது இரண்டுக்கும் பொது. அதைக் கண்ணால் பார்த்தே நிறுத்தத் தெரிந்தவர்களைப் படிக்காதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படித்த கல்லூரியில் கிரெய்ன் பார்க்கும் மைக்ராஸ்கோப் இருந்தது. அதன் உறையைக் கழற்றியது ஆய்வுக் குழு வந்த அன்று மட்டும்தான். கெட்டுப்போன வளையங்களில் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன்; வேலைக்குப் போன பிறகுதான் அதை மெருகேற்றி, அமிலம் வைத்துப் பார்க்க முடிந்தது. கம்பியின் குறுக்கே எண்ணினால் ஏழெட்டு கிரெய்ன்தான் இருந்தது. லேப் கட்டணத்தை ஆறு செமஸ்டருக்கும் வாங்கினார்கள்.