இமைக்குள் தங்கத் தகடு: காப்பீடு மறுத்தால் நகையா, எஃப்.டி.யா, பி.எஃப்.பா?

கேள்வி: திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மனைவிக்கு 34 வயது. காது நரம்பில் வந்த அக்கூஸ்டிக் நியூரோமா கட்டியை 14 மாதங்களுக்கு முன் எடுத்தார்கள். அன்றிலிருந்து வலது பக்க முகம் அசையவில்லை, வலது கண்ணை மூட முடியவில்லை. ராத்திரி டேப் ஒட்டித்தான் தூங்குகிறாள். வீட்டில் தையல் வேலை பார்த்து மாதம் 9,000 சம்பாதித்தாள், அதுவும் நின்றுபோனது. மேல் இமைக்குள் தங்கத் தகடு வைக்கலாம் என்கிறார் டாக்டர். எஸ்டிமேட் 95,000 ரூபாய். கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸில் கேஷ்லெஸ் கேட்டால், 'காஸ்மெட்டிக்' என்று மறுத்துவிட்டார்கள். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த எஃப்.டி. 1.5 லட்சம், 12 பவுன் நகை, பி.எஃப்.பில் 3.4 லட்சம் இருக்கின்றன. எதைத் தொடுவது? வீட்டு நகையிலேயே தகடு செய்து கொடுக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்: எதைத் தொடுவது என்பதற்கு முன் அந்த 'காஸ்மெட்டிக்' என்ற சொல்லைப் பார்ப்போம். உங்கள் 95,000 ரூபாய் அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

என் அக்காவுக்கும் காது ஆபரேஷனுக்குப் பிறகு இதே நிலைமை வந்தது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஃபேன் காற்று படக் கூடாதென்று இடது உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொள்வாள். இரவில் ஆயின்ட்மென்ட் போட்டு டேப் ஒட்டிவிடுவது என் வேலை. காலையில் உரிக்கும்போது இரண்டு மூன்று இமைமுடி அதோடு வந்துவிடும். அவளுடைய பாலிசியிலும் இதே சொல்லை எழுதித்தான் திருப்பி அனுப்பினார்கள். அன்று எதிர்த்துக் கேட்கத் தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டினோம். அந்தத் தவறு உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

கண்ணைத் திறக்கும் தசைக்கு ஒரு நரம்பு, மூடும் தசைக்கு வேறொரு நரம்பு. உங்கள் மனைவிக்கு மூடும் வேலையைச் செய்கிற முக நரம்பு மட்டும் செயலிழந்திருக்கிறது. அதனால் இமை மேலே போகிறது, இறங்க மறுக்கிறது. இமைக்காத கண்ணில் கண்ணீர்ப் படலம் காய்ந்து கருவிழி புண்ணாகும். புண் ஆழமானால் தழும்பு விழுந்து பார்வையே போகலாம். தகட்டின் வேலை எளிமையானது: ஒரு கிராம் சுற்றுவட்டத்தில் எடையுள்ள தங்கத்தை இமைக்குள் வைத்தால், திறக்கும் தசை தளரும்போது புவியீர்ப்பே இமையை இறக்கிவிடும். அக்காவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் வெவ்வேறு எடைத் தகடுகளை இமைக்கு வெளியே ஒட்டி, "இப்போ மூடும்மா, இப்போ திற" என்று பார்த்துத்தான் எடையை முடிவு செய்தார்கள். இதில் அழகு எங்கே வந்தது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளில் எட்டாவது, அழகு மற்றும் பிளாஸ்டிக் சர்ஜரி பற்றியது. அதற்குள்ளேயே விதிவிலக்கும் உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பு என்றால் விலக்கு பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவைப்படும் சிகிச்சை என்றாலும் பொருந்தாது, ஆனால் அதற்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று வேண்டும். உங்கள் மனைவிக்கு வந்தது புற்றுநோய்க் கட்டி அல்ல. ஆகவே 'புற்றுநோய்' என்று வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள், கடைசி வாசகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குரூப் பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே வாசகம்தான் இருக்கும். ஹெச்.ஆர்.-இடம் பாலிசி நகலை வாங்கி அந்தப் பக்கத்தை நீங்களே படித்துவிடுங்கள்.

அடுத்து டாக்டரின் கடிதம். "முக வாதம், தங்கத் தகடு தேவை" என்று ஒற்றை வரியில் எழுதினால் மறுபடியும் மறுப்புத்தான் வரும். மெதுவாக மூடும்போது இமைகளுக்கிடையே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, கருவிழியில் சாயம் விட்டுப் பார்த்ததில் காய்ந்த இடங்கள் தெரிகின்றனவா, கருவிழியில் தொடு உணர்ச்சி குறைந்திருக்கிறதா, சொட்டு மருந்தும் டேப்பும் எத்தனை மாதம் போட்டும் போதவில்லை, செய்யாவிட்டால் பார்வைக்கு என்ன ஆபத்து என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். 'லாகாப்தால்மோஸ்' (கண் முழுதாக மூடாமை), 'எக்ஸ்போஷர் கெரடோபதி' (கண் மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாவது) என்ற சொற்கள் உங்கள் மனைவிக்குப் பொருந்துமானால் அவை கடிதத்தில் இருக்கட்டும். கண் திறந்த, மெதுவாக மூடிய, இறுக்கி மூடிய நிலைகளில் மூன்று புகைப்படங்களையும் கட்டி ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து மறுபரிசீலனை கேளுங்கள்.

எஸ்டிமேட்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். புருவத்தைத் தூக்குவது, சிரிப்பைச் சரிசெய்வது போன்றவை அதே தாளில் இருந்தால் முழுவதையும் அழகுக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். இமை சிகிச்சைக்குத் தனி எஸ்டிமேட் வாங்குங்கள். இன்னொன்று, இது மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யக்கூடிய சின்ன ஆபரேஷன் என்பதால் சில இடங்களில் புறநோயாளி பில்லாகப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் க்ளெய்ம் கிடைக்காது. டே கேர் அட்மிஷனாக, அதாவது சேர்த்து அன்றே அனுப்பும் சிகிச்சையாகப் பதிவாகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கோவை அரவிந்த் போல இமை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இரண்டாவது கருத்தும் எஸ்டிமேட்டும் வாங்குவது நல்லது.

இனி பணம். கேஷ்லெஸ் மறுப்பு என்பது க்ளெய்மின் முடிவு அல்ல. கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். ஆகவே உங்களுக்குத் தேவை சில மாதங்களுக்கான கைமாற்று. எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் கடன் வாங்குங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். 95,000-க்கு 8.5 சதவீதம் என்று வைத்தால் நான்கு மாத வட்டி சுமார் 2,700 ரூபாய். பள்ளிக் கட்டணத் தேதி அதற்குள் வருகிறதென்றால் மட்டும் நகைக்கடன், அதுவும் வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ. பெர்சனல் லோன் வேண்டவே வேண்டாம். பி.எஃப்.பில் மருத்துவத்துக்காக எடுக்க வழி இருக்கிறது, ஆனால் எடுத்ததைத் திருப்பிப் போட முடியாது. அதைக் கடைசியாக வையுங்கள்.

அம்மாவிடம் அன்போடு சொல்லுங்கள்: வீட்டு நகை 22 காரட், அதில் செம்பு போன்ற உலோகங்கள் கலந்திருக்கும். இமைக்குள் வைப்பது 24 காரட் தூய தங்கம், உடலுக்குள் வைப்பதற்கென்றே வழவழப்பாகச் செய்து கிருமி நீக்கியது. தங்கம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பிளாட்டினத்திலும் உண்டு. தகட்டு உறையின் ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்துங்கள். க்ளெய்முக்கு அது வேண்டும். கட்டி திரும்ப வளர்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கும்போதும் உள்ளே இருப்பது காந்தம் இழுக்காத உலோகம் என்று காட்ட உதவும்.

ரீஇம்பர்ஸ்மென்ட்டையும் மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளைக் கேட்கிறார், குரூப் பாலிசியும் அதில் அடங்கும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இந்தக் கடிதப் போக்குவரத்துக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். காது நரம்புக் கட்டி சிலருக்குக் கருவிழியின் உணர்ச்சியையும் குறைத்துவிடும், அப்போது புண் வந்தாலும் வலிக்காது. அதனால் வலி இல்லை என்று சும்மா இருந்துவிடாமல், கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே மனைவியை அழைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போங்கள்.