கப்பல் ஆடினாலும் பாரம் ஆடாதிருப்பது எப்படி?

கேள்வி: என் தம்பி கடலடிக் குழாய்கள் பதிக்கும் கப்பலொன்றில் வேலை செய்கிறான். கப்பல் மேலும் கீழும் ஆடினாலும் கிரேனில் தொங்கும் பாரம் அசையாமல் நிற்கும் என்கிறான். ஆனாலும் சில நாள்களில் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்களாம். வரப்போகும் அலையை இயந்திரம் எப்படி அறிகிறது? அறியுமானால் காத்திருப்பது ஏன்?
– வாசகி ஒருவர், அட்டன்

பதில்: தங்கள் தம்பி சொல்வது சரியே. கப்பல் எழும்போது வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றும் உருளை இயந்திரம்) அதே அளவு கம்பிவடத்தை விட்டுக்கொடுத்து, தாழும்போது சுற்றி இழுத்துக்கொள்வதால், பாரம் கடலடியிலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கிறது. எவ்வளவு விடுவது என்பதை, கப்பலின் ஆர்முடுகலையும் சுழற்சியையும் அளக்கும் உணரிகளைக் கொண்டு கணினி தீர்மானிக்கிறது. சுழற்சியைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது: கிரேனின் நுனி கப்பலின் நடுக்கோட்டிலிருந்து 20 மீற்றர் வெளியே நீண்டிருந்தால், கப்பல் பக்கவாட்டில் 2 பாகை சாய்ந்தாலே அந்த நுனி சுமார் 70 சென்ரிமீற்றர் ஏறும் அல்லது இறங்கும்.

சிக்கல் தாமதத்தில்தான் இருக்கிறது. அளவீட்டில் கலந்த பிழைகளை வடிகட்டவும், பாரமான வின்ச் உருளை திசைமாறவும் சிறிது நேரம் பிடிக்கும். 10 வினாடிக்கு ஒருமுறை 2 மீற்றர் ஏறியிறங்கும் கப்பலில் வின்ச் அரை வினாடி பிந்தினாலே 30 சென்ரிமீற்றர் வரை பிழை மிஞ்சும். ஆகவே முன்கணிப்பின் முதல் வேலை அந்த அரை வினாடியை ஈடுசெய்வதே; அதற்கு அலையைப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. பெரிய கப்பல் சிற்றலைகளுக்கு அசைந்து கொடுப்பதில்லை, நீண்ட அலைகளுக்கே ஓரளவு சீரான தாளத்தில் அசைகிறது என்பதால், இதுவரையான அசைவிலிருந்தே அடுத்த கணத்தைக் கணிக்கலாம். பிழை கலந்த அளவீடுகளிலிருந்து உண்மையான அசைவை மதிப்பிடுவதற்கு, பொறியியலாளர் ருடால்ஃப் கால்மான் 1960இல் வெளியிட்ட வடிகட்டி முறை இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது.

அரை நிமிடம் முன்னதாக அறிய வேண்டுமானால் அலையையே பார்த்தாக வேண்டும். இறம்பொடை வளைவுகளில் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர், வளைவைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொள்வதைப் போன்றது இது. தொலைவிலுள்ள அலைகளை ராடார் காட்ட, அவை கப்பலை வந்தடையும் விதத்தைக் கணினி கணக்கிடுகிறது. ஆழ்கடலில் 12 வினாடி அலையின் (12 வினாடிக்கு ஒரு முகடு வரும் அலை) முகடு வினாடிக்கு ஏறத்தாழ 19 மீற்றர் செல்லும். 6 வினாடி அலையோ அதில் பாதி வேகத்தில்தான் செல்லும் என்பதால், அலைகளைப் பிரித்தே கணக்கிட வேண்டும். இது வின்சை ஓட்டுவதற்கு அன்று, பாரத்தை இறக்கி வைக்க அமைதியான இடைவெளியைத் தேர்வதற்கே உதவும். என் மதிப்பீட்டில் அதிகப் பயனுள்ளதும் இதுவே.

காத்திருப்பதற்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நமது தென்கடலில் நிகழ்வதைப் போல, தொலைவிலிருந்து வரும் நீண்ட அலைகளும் உள்ளூர்க் காற்று எழுப்பும் அலைகளும் கலக்கும்போது கணிப்பு எட்டும் தூரம் சுருங்கிவிடுகிறது. கணிப்பு சரியாகவே இருந்தாலும் வின்சின் வேகத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. கிரேனின் நுனி அதைவிட வேகமாக எழுந்து தாழும் நாளில் வேலையை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.