‘கவுன்சில்’ என்றால் எந்தக் கவுன்சில்?

கேள்வி: என் மகள் அரசியல் படிக்க லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸுக்குப் போகிறாள். கவுன்சில், கவர்மென்ட், இம்பீச்மென்ட், நேஷனாலிட்டி போன்ற ஆங்கில அரசியல் சொற்களுக்கு லிதுவேனிய மொழியில் உள்ள நேர்ச்சொற்களைப் பட்டியலாகத் தருவீர்களா? சமஸ்கிருதத்துக்கு மிக நெருங்கிய மொழி என்கிறார்களே, அதனால் சுலபமாகப் பிடிபடும்தானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பட்டியல் தர மாட்டேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் இன்னொரு மொழி என்று நடுவில் கோடு போட்ட பட்டியல்தான் அரசியல் மொழிபெயர்ப்பைக் கெடுத்தது என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாகிவிட்டது. நீங்கள் கேட்டதால் மறுபடியும் எழுதுகிறேன்.

நீங்கள் முதலில் வைத்த ‘கவுன்சில்’ ஒன்றே போதும். லிதுவேனிய மொழியில் அதற்கு ‘தரீபா’ என்று பெயர். உள்ளாட்சி மன்றம் தரீபா, ஐ.நா. பாதுகாப்பு அவையும் தரீபா. இதுவரை தொல்லை இல்லை. ஐரோப்பிய அமைப்புகளுக்கு வந்ததும்தான் கால் இடறும். ஆங்கிலத்தில் ‘கவுன்சில் ஆஃப் யூரோப்’ ஒன்று, ‘யூரோப்பியன் கவுன்சில்’ இன்னொன்று. முதலாவது பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருப்பது, 46 நாடுகள் கொண்டது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பே அல்ல. இரண்டாவது, ஒன்றியத்து நாடுகளின் அதிபர்களும் பிரதமர்களும் பிரஸ்ஸல்ஸில் கூடும் அவை. மூன்றாவதாக ‘கவுன்சில் ஆஃப் தி யூரோப்பியன் யூனியன்’ வேறு இருக்கிறது. துறைவாரியாக அமைச்சர்கள் கூடிச் சட்டம் இயற்றும் இடம் அது.

ஆங்கிலம் முதல் இரண்டையும் இலக்கணத்தால் மட்டுமே பிரிக்கிறது. ஒன்றில் ‘ஐரோப்பாவின்’, மற்றதில் ‘ஐரோப்பிய’. லிதுவேனிய மொழிக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஏழு வேற்றுமைகள் உள்ள அந்த மொழியில் இத்தகைய பெயர்களுக்கு ஆறாம் வேற்றுமைதான் அடைமொழியாக வேலை செய்யும். ‘ஐரோப்பாவின்’ என்றாலும் ‘எவ்ரோபோஸ்’, ‘ஐரோப்பிய’ என்றாலும் ‘எவ்ரோபோஸ்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டு அமைப்புக்கும் ஒரே பெயர் வந்துவிடும். அதனால் ‘எவ்ரோபோஸ் தரீபா’ என்பதை ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டு, பிரஸ்ஸல்ஸ் அவைக்கு நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்து ‘எவ்ரோபோஸ் வதோவூ தரீபா’ என்று வைத்தார்கள். ‘வதோவஸ்’ என்றால் தலைவர். ஐரோப்பியத் தலைவர்களின் அவை என்று பொருள். மூன்றாவது, ஒன்றியத்தின் பெயரோடு ‘எவ்ரோபோஸ் சாயுங்கோஸ் தரீபா’. ஆங்கிலச் சொல்லைப் பார்க்காமல், யார் கூடுகிறார்கள் என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் நாளிதழ்களோ மூன்றுக்கும் ‘ஐரோப்பிய கவுன்சில்’ என்றே எழுதுகின்றன. எவ்ரோபோஸ் தரீபாவைச் சேர்ந்த ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்பை ‘ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பு’ என்று போடுவது இந்தக் குழப்பத்தின் பிள்ளைதான். ஒன்றியத்தின் நீதிமன்றம் லக்சம்பர்க்கில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு மேசையில் இருப்பவர்கள் செய்தியில் மூன்றைப் பார்த்தால் போதும்: ஊர் ஸ்ட்ராஸ்பர்க்கா, கூடியவர்கள் நாட்டுத் தலைவர்களா, ஒரே துறையின் அமைச்சர்களா. பிறகு ‘ஐரோப்பாப் பேரவை’, ‘ஐரோப்பியத் தலைவர்கள் அவை’, ‘ஒன்றிய அமைச்சர்கள் அவை’ என்று எழுதலாம். லிதுவேனியர்களின் வழி தமிழுக்கு அப்படியே பொருந்துகிறது.

தரீபாவை இன்னும் விடுவதற்கில்லை. ‘சோவியத்’ என்ற ரஷ்யச் சொல்லுக்கும் அவை, மன்றம் என்பதே பொருள். 1940இல் லிதுவேனியாவை விழுங்கிய சோவியத் ஆட்சி, தன் பெயரையும் அந்நாட்டு மொழியில் பெயர்த்துக்கொண்டது. நாடு ‘தரீபூ சோஷலிசக் குடியரசு’ ஆனது. ‘சோவியத்’ என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘தரீபினிஸ்’ வந்தது. ஆனால் அதன் வேரான ‘தரீபா’ ஏற்கெனவே இன்னொன்றின் பெயர். 1918 பிப்ரவரி 16 அன்று வில்னியஸில் விடுதலைச் சாசனத்தில் கையெழுத்திட்ட இருபது பேரின் அவைக்குப் பெயர் லியெதுவோஸ் தரீபா, அதாவது லிதுவேனியாவின் அவை. நாட்டை உண்டாக்கியவர்களின் பெயரை நாட்டைப் பறித்தவர்கள் போர்த்திக்கொண்டார்கள். 1990க்குப் பிறகு லிதுவேனியர்கள் ‘சோவியெதினிஸ்’ என்ற கடன்சொல்லையே பரவலாக எடுத்துக்கொண்டார்கள். தூய சொல்லை விட்டு அயற்சொல்லுக்குப் போனதால்தான் தங்கள் பழைய சொல்லைக் காப்பாற்ற முடிந்தது. தனித்தமிழ் அன்பர்கள் இதை நிதானமாக யோசிக்க வேண்டும். எந்தச் சொல்லை உள்ளே விடுவது என்பதற்கு வேரை மட்டும் பார்த்தால் போதாது.

உங்கள் மகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டு ஆவணத்தில் ‘தரீபினிஸ்’ வந்தால் ‘சோவியத்’. 1918 ஆவணத்தில் ‘தரீபா’ வந்தால் ‘அவை’. அகராதி இரண்டையும் ஒரே வரியில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஆண்டைப் பார்ப்பது அவள் வேலை.

1990 மார்ச் 11 அன்று லிதுவேனிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாசனத்தையும் ‘சுதந்திரப் பிரகடனம்’ என்று எழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் சாசனத்தின் தலைப்பில் இருக்கும் சொல் ‘அத்ஸ்தாதீமஸ்’: இடிந்ததை மறுபடி எழுப்புதல், மீட்டமைத்தல். 1918 சாசனத்தின் வாசகத்திலும் இதே வினை உண்டு. 124 பேர் ஆதரித்து, ஒருவரும் எதிர்க்காமல், ஆறு பேர் வாக்களிக்காமல் நிறைவேறிய தீர்மானம் அது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து புது நாடு தொடங்குகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் நாடு சட்டப்படி ஒருநாளும் அழியவில்லை, ஆக்கிரமிக்கப்பட்டிருந்தது, அதன் செயல்பாட்டை மீட்கிறோம் என்றார்கள். 1940இல் நடந்த இணைப்பை அமெரிக்கா கடைசிவரை அங்கீகரிக்கவில்லை. அதனால் 1991இல் அமெரிக்கா லிதுவேனியாவுடன் தூதரக உறவைத் ‘தொடங்கவில்லை’, ‘மீண்டும் தொடர்ந்தது’. ‘பிரகடனம்’ என்று எழுதினால், அது பிரிந்துபோன புது நாடு என்ற மாஸ்கோவின் வாதத்தை நம்மை அறியாமல் நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சரி, ‘கவர்மென்ட்’. லிதுவேனிய அரசமைப்பின்படி ‘விரியௌஸீபே’ என்றால் பிரதமரும் அமைச்சர்களும் மட்டும்தான். நாடாளுமன்றமான சேய்மஸ் அதில் அடங்காது, நீதிமன்றமும் அடங்காது. அமெரிக்கப் பாடநூலில் ‘கவர்மென்ட்டின் மூன்று கிளைகள்’ என்று வந்தால் ‘வல்ஜா’ என்று போட வேண்டும். அது ஆளும் அதிகாரம். அங்கே விரியௌஸீபே என்று போட்டால் ‘அமைச்சரவையின் மூன்று கிளைகள்’ என்று அபத்தமாகும். ‘ஆள்’ என்ற பொருள்கொண்ட ‘வல்தீதி’யின் குடும்பத்தை மொத்தமாகப் படித்துக்கொள்வது லாபம்: வல்ஜா, நாட்டைக் குறிக்கும் வல்ஸ்தீபே, தன்னாட்சி என்ற பொருளில் உள்ளாட்சியைக் குறிக்கும் சவிவல்தீபே. அமெரிக்க மாநிலங்களைப் போன்றவற்றுக்கு ‘வல்ஸ்தியா’ என்று தனிச்சொல் உண்டு. இறையாண்மை உள்ளது வல்ஸ்தீபே, கூட்டாட்சியின் பகுதி வல்ஸ்தியா. ஆங்கிலம் இரண்டையும் ‘ஸ்டேட்’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது. ஜெர்மனியின் மாநிலங்களுக்கு வல்ஸ்தியாவும் ஆகாது. அவற்றுக்கு நிலம் என்ற பொருளில் ‘ஜெமே’.

சமஸ்கிருதம் பற்றிக் கேட்டீர்கள். மகனுக்கு ‘சூனுஸ்’, ஆணுக்கு ‘வீரஸ்’ என்பதெல்லாம் உண்மை, இரண்டும் இந்தோ-ஐரோப்பிய உறவு மொழிகள். விரியௌஸீபேக்குள்கூட அந்த வீரஸ் இருக்கிறது. மூத்த, தலைமையான என்ற பொருள் வழியாக வந்தது. அதனால் என்ன பயன்? சமஸ்கிருதம் கரைத்துக் குடித்தவருக்கும் அது அமைச்சரவை மட்டும்தான் என்று தெரியப்போவதில்லை. இந்த உறவுப் பெருமையை மேடைப் பேச்சுக்கு விட்டுவிட்டு வேற்றுமை உருபுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ‘சேய்மோ’, ‘சேய்மே’ எல்லாம் சேய்மஸ்தான் என்று தெரியாவிட்டால் அகராதியைத் திறந்தும் பலன் இல்லை.

‘பிரசிடென்ட்’டுக்கு இரண்டு சொல். குடியரசின் தலைவர் ‘பிரெசிதென்தஸ்’. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய நாடாளுமன்றம், நீதிமன்றம் ஆகியவற்றின் தலைவர் ‘பிர்மினின்கஸ்’.

‘இம்பீச்மென்ட்’தான் அதிகம் ஏமாற்றும். அமெரிக்காவில் அது கீழவை குற்றம் சாட்டுவது மட்டும். பதவி பறிபோக மேலவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தண்டிக்க வேண்டும். டிரம்ப் 2019இலும் 2021இலும் இருமுறை குற்றம் சாட்டப்பட்டு, இருமுறையும் தப்பினார். லிதுவேனியாவின் ‘அப்கல்தா’ அப்படியல்ல. அரசமைப்பு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு, கடைசி வாக்கெடுப்பு வரை போகும் முழு நடைமுறைக்கும் அதுவே பெயர். சேய்மஸின் 141 உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 85 பேர் வாக்களித்தால் பதவி போய்விடும். அதிபர் ரோலந்தஸ் பக்ஸஸ் 2004 ஏப்ரல் 6 அன்று அப்படித்தான் போனார். ஐரோப்பாவில் இவ்வழியில் பதவியிழந்த முதல் நாட்டுத் தலைவர் அவர். வாழ்நாள் முழுக்க நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து அவர் போனது ஸ்ட்ராஸ்பர்க்குக்கு, 2011இல் அது அளவுமீறிய தண்டனை என்று தீர்ப்பும் வந்தது. எவ்ரோபோஸ் தரீபாவின் நீதிமன்றம், ஒன்றியத்தினுடையது அல்ல. டிரம்ப் பற்றிய செய்தியில் அப்கல்தா என்று மட்டும் எழுதினால் லிதுவேனிய வாசகர் பக்ஸஸை நினைத்துக்கொள்வார். தமிழில் ‘டிரம்ப் பதவி நீக்கம்’ என்று தலைப்புப் போட்டவர்களும் இதே குழியில்தான் விழுந்தார்கள். ‘குற்றச்சாட்டு நிறைவேறியது’ என்பதே சரி.

கடைசியாக ‘நேஷனாலிட்டி’. இது தேர்வைவிடப் படிவத்தில் முதலில் வரும். ‘பிலியெதீபே’ என்று கேட்டால் குடியுரிமை. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று பொருள், இந்தியா என்று எழுத வேண்டும். ‘தௌதீபே’ என்று கேட்டால் இனம். ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டுமே ‘நேஷனாலிட்டி’ என்று வரக்கூடும், ஆகவே ஆங்கில வரியை நம்பாமல் லிதுவேனிய வரியைப் படிக்கட்டும். தௌதீபே கேட்கும் இடத்தில் உங்கள் மகள் ‘தமிலே’ என்று எழுதலாம். தமிழ்ப்பெண் என்று பொருள்.