தீர்ப்பு ஒத்திவைத்து 7 மாதம்: வேறு அமர்வு கேட்க முடியுமா?

கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் வாதம் முடிந்து 6 மாதம் தாண்டினால், வழக்கை வேறு அமர்வுக்கு (வேறு நீதிபதி அல்லது நீதிபதிகள் குழுவுக்கு) மாற்றக் கோரித் தலைமை நீதிபதியிடம் மனு போடலாம். அனில் ராய் எதிர் பீகார் வழக்கில் 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இது. 3 மாதம் தாண்டினாலே தீர்ப்பை விரைந்து வழங்கக் கேட்டு மனு போட்டிருக்கலாம். விடுமுறை நீங்கலாக 2 நாளில் அந்த மனுவை விசாரணைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நீதிபதிக்கு வேறு வகை வழக்குகள் ஒதுக்கப்பட்டு, உங்கள் வழக்குக் கட்டு அடியில் போயிருக்கலாம். இது அடிக்கடி நடப்பதுதான்.

சரி, முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நிலையைப் பாருங்கள். ஒத்திவைத்த பிறகு விளக்கம் கேட்டு மறுபடி பட்டியலிட்டிருந்தால் உங்கள் 7 மாதக் கணக்கில் தகராறு வரும்.

அப்புறம், அமர்வு மாறினால் வாதம் முதலிலிருந்து தொடங்கும். நானாக இருந்தால் விரைவு மனுவோடு நிறுத்திப் பார்ப்பேன்.