ஐந்து வாரக் குழந்தையோடு அம்மாக்கள் கூட்டத்துக்குப் போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. வாரம் ஒருமுறை புது அம்மாக்கள் கூடிப் பேசுகிறார்கள், வந்து பாருங்கள் என்று செவிலியர் கூப்பிட்டார். வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனாலும் பால் கொடுக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. இதை முன்பின் தெரியாதவர்களிடம் போய் எப்படிச் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: போங்கள், இந்த வாரமே போங்கள். பேசவே வேண்டாம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் போதும். நானும் முதல் குழந்தையோடு அப்படித்தான் போனேன், வாயே திறக்கக் கூடாது என்ற முடிவோடு. பால் கொடுக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த பெண், அவருக்கு நாலு மாதக் குழந்தை, என் தோள் காதுவரை ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு தலையணையை என் முழங்கைக்கு அடியில் செருகினார். "நீங்க குனியாதீங்க, குழந்தையைத் தூக்கி உங்க பக்கம் கொண்டுவாங்க, வாயை நல்லாத் திறக்கிறவரை பொறுங்க" என்றார். மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த காம்பு வலி அன்றைக்கே பாதி குறைந்தது. வீட்டில் இருந்தவர்களும் என்மேல் உயிராகத்தான் இருந்தார்கள், ஆனால் குழந்தை குடிக்கிறதா என்றுதான் அவர்களுக்குப் பார்க்கத் தோன்றியது, என் தோள் அவர் ஒருவர் கண்ணில்தான் பட்டது.

அப்புறம் அந்த அழுகை. பிரசவம் ஆன மூன்றாம் நாள், நான்காம் நாள் அழுகை வருவது பெரும்பாலான அம்மாக்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஐந்தாம் வாரத்திலும் நிற்கவில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை: பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987-ல் வந்த எடின்பரோ கேள்வித்தாளைச் சில குழுக்களிலேயே கொடுப்பார்கள். பத்தே கேள்விகள், கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும் கேட்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு 'ஆம்' என்றால் கூட்ட நாள்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சும்மா உட்கார்ந்து பேசினால் என்ன தீரும் என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பாகிஸ்தான் கிராமங்களில் கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த பெண்களின் வீட்டுக்கு, அந்தந்த ஊர் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பிப் பேசவைத்தார்கள். மனநல மருத்துவர்கள் இல்லை, சாதாரணப் பணியாளர்கள்தான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு மிச்சமிருந்தது, பயிற்சி இல்லாத பணியாளர்கள் அதே அளவு போய்ப் பார்த்துவந்த பெண்களில் 53 சதவீதம் பேருக்கு. 2008-ல் வெளியான ஆய்வு இது.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்பவுடர் இலவசமாகக் கொடுக்கிற கூட்டமென்றால் வேண்டாம், தாய்மாருக்கு அப்படி இலவசமாகக் கொடுக்கக் கூடாதென்று 1981-லேயே சர்வதேச விதி வந்துவிட்டது.

கேள்வி: என் மனைவி இப்படி ஒரு குழுவுக்குப் போகிறார். கணவனாக நான் என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர்)

பதில்: அப்பாக்கள் வரலாமா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள், சில இடங்களில் தனி நாளே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் பையை எடுத்துக் கொடுத்து, கொண்டுபோய் விட்டு, நடுவில் போன் செய்யாமல் இருங்கள். திரும்பி வந்ததும் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று விசாரிக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு, அவரை ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள்.