சிஸ்டரைக் கேளுங்கள்: ஆள் வரவில்லையா, நிற்கவில்லையா?

(புதுச்சேரியில் 30 வருடத்துக்கு மேல் நர்ஸாகவும் நர்சிங் சூப்பிரண்டாகவும் இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் சிஸ்டர். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வார்டு, ஐ.சி.யூ., ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் சேர்த்து 9 இடம். மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்ற கணக்கில் 27 பேருக்கு அனுமதி. இருப்பது 21 பேர். புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதம் தாண்டுவதில்லை. “இந்த வேலைக்கு இப்போ யாரும் வர்றதில்லை” என்கிறார் காண்ட்ராக்டர். நிஜமா?
– வாசகி, முதலியார்பேட்டை

பதில்: இல்லை. வருகிறார்கள். வந்தவர்களைத்தான் நாம் நிற்க விடுவதில்லை.

முதலில் அந்த 27 என்ற கணக்கே தப்பு. ஒரு இடத்துக்கு ஒரு நாளைக்கு 3 டியூட்டி, வாரத்துக்கு 21. வார லீவு போக ஒருவர் பார்க்கக்கூடியது 6. மூன்று பேர் சேர்ந்தால் 18. மீதி 3 டியூட்டி யார் தலையில்? உங்கள் 9 இடத்துக்கும் சேர்த்து வாரத்துக்கு 189 டியூட்டி. ஆறால் வகுத்தால் 31.5, அதாவது 32 பேர் வேண்டும். அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராமல், யார் வீட்டிலும் காதுகுத்து இல்லாமல் இருந்தால்தான். 27 பேரும் முழுசாக வந்தாலே உங்களுக்குப் பற்றாக்குறைதான்.

அந்த ஓட்டையை டபுள் டியூட்டி போட்டு அடைக்கிறோம். என் வார்டில் பாகூர் பக்கத்திலிருந்து வரும் ஓர் ஆயாம்மா இருந்தார். மதியம் 2 மணி ஷிப்ட். இரவு 9 மணிக்குப் புடவை மாற்றி, டிபன் பாக்ஸைப் பையில் போட்டு, லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். 9.20க்குப் போன் வரும்: “ரிலீவர் வரல, நீயே பாத்துக்கம்மா.” ஒரு வார்த்தை பேசமாட்டார். பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு மாப்பை எடுப்பார். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை அப்படி ஆனது. அதற்கப்புறம் அவர் வரவில்லை. ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டார். சம்பளம் ஒன்றும் கூட இல்லை. ஆனால் கம்பெனி வண்டி வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடுகிறது என்றார். மலம் அள்ளியதற்காக அவர் போகவில்லை. அதை 11 வருடம் முகம் சுளிக்காமல் செய்தவர் அவர்.

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. ஷிப்ட் 9 மணிக்கு முடிந்தால், கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. ஷிப்ட் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளச் சொன்னேன். நர்சுகளின் நேரத்தோடு ஒட்டாது என்றார்கள். ஆறு மாதம் விடாமல் கேட்டு, 8.30 ஆக்கினோம். ரிலீவருக்கு என்று இரண்டு பேரைத் தனியாகப் போட வைத்தோம். அந்த வருடம் வார்டை விட்டு நின்றவர்கள் குறைந்தார்கள்.

ஆள் குறைந்தால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதையும் நிர்வாகத்துக்குக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் ஆன கட்டிலைச் சுத்தம் செய்வது என்றால் மெத்தையின் இரண்டு பக்கமும், பக்கக் கம்பி, லாக்கர், சலைன் ஸ்டாண்ட், அழைப்பு மணி பட்டன் வரை துடைக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் அரை மணி ஆகும். இரண்டு வார்டுக்கு ஓர் ஆள் என்றால் பெட்ஷீட்டை மாற்றித் தரையில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். முந்தைய நோயாளியின் கிருமி அந்தப் பட்டனிலேயே இருக்கும். வார்டு பாய் இல்லாதபோது ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போவது நர்ஸ்தான். அந்த நேரத்தில் வார்டில் யார்?

காண்ட்ராக்டர் சம்பளத்தை இழுத்தடித்தால் மருத்துவமனை கைகழுவ முடியாது. அவர் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனம் தந்தாக வேண்டும் என்பது 1970ஆம் வருடத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே வந்த விதி.

மூன்று மாத வருகைப் பதிவேட்டை எடுத்து, டபுள் டியூட்டி பார்த்த ஒவ்வொரு நாளையும் சிவப்பு மையில் வட்டமிட்டு நிர்வாகத்தின் மேசையில் வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வாயால் சொன்னபோது கேட்காதவர்கள், அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்கள்.

கேள்வி: அம்மா ஒரு மருத்துவமனையில் ஆயாவாக இருக்கிறார். போன வாரம் குப்பைப் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கையில் குத்திவிட்டது. “ஒண்ணும் ஆகாது, டெட்டால் போடு” என்று சொல்லிவிட்டார்களாம். பயமாக இருக்கிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, நாளைக் காலையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், வெளியே தெரியாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. அந்தக் கெடு போய்விட்டது. ஆனாலும் இப்போதும், 6 வாரத்திலும், 3 மாதத்திலும் பரிசோதனை செய்ய வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர் என்றால் உடனே தொடங்கட்டும்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இப்படி ஊசி குத்துப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் வருவதில்லை. அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். ராத்திரி தூங்க வேண்டும் அல்லவா.

ஊசி போக வேண்டியது துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. மஞ்சள் பையிலோ சிவப்புப் பையிலோ அது கிடந்தது மேலே இருந்தவர்களின் தவறு, அம்மாவின் தவறு அல்ல. கழிவை அள்ளுகிற எல்லோருக்கும் தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. காண்ட்ராக்ட் ஆட்களும் அதில் சேர்த்திதான். நடந்ததைத் தேதி, நேரம், வார்டு பெயரோடு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.