மூலிகைக்குள் வாழும் பூஞ்சையிலிருந்து மருந்து எடுக்க முடியுமா?

கேட்டவர் எழுப்பியிருப்பவை இரண்டு கேள்விகள். நிலவேம்பு, கீழாநெல்லி போன்ற மூலிகைகளின் குணம் உண்மையில் அவற்றின் இலைக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளால்தான் வருகிறதா என்பது ஒன்று. அப்படியானால் செடியை விட்டுவிட்டுப் பூஞ்சையை மட்டும் தொட்டியில் வளர்த்து மருந்து எடுக்கலாமா, அதில் காவிரி டெல்டாவில் இருப்பவர்கள் செய்வதற்கு ஏதேனும் உண்டா என்பது மற்றொன்று. டெல்டாவில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன் என்ற முறையிலும், முதுநிலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்புக் கேட்டு வரும்போதெல்லாம் இதையே பேச வேண்டியிருப்பவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் இல்லை, ஆனால் சில செடிகளில் ஆம். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடைச் செடிதான் ஆக்குகிறது. அதற்கான மரபணுக்கள் செடியிலேயே அடையாளம் காணப்பட்டுள்ளன. இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் துறையில் மிகையான நம்பிக்கையும் நியாயமான நம்பிக்கையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

செடிக்கு நோய் எதையும் உண்டாக்காமல் அதன் திசுக்களுக்குள் வாழும் பூஞ்சைகளை அகவாழ் பூஞ்சைகள் அல்லது எண்டோஃபைட்டுகள் என்கிறோம். இதுவரை ஆராயப்பட்ட செடிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இவை இருந்திருக்கின்றன. புல் வகைகள் சிலவற்றில் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. மற்ற பெரும்பாலான செடிகளில் காற்றிலும் மழைநீரிலும் வரும் வித்துகள் இலைக்குள் புகுந்து தங்குகின்றன. ஆகவேதான் இளந்தளிரில் குறைவாகவும் முற்றிய இலையில் மிகுதியாகவும் கிடைக்கின்றன.

இந்தத் துறைக்கு உலகப் புகழ் தேடித் தந்தது டாக்ஸால். பசிபிக் கரையோர அமெரிக்காவில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து வால், வானி ஆகிய இரு வேதியியலாளர்களின் குழு பிரித்தெடுத்து, 1971-இல் கட்டமைப்பை வெளியிட்ட சேர்மம் அது. 1992-இல் சூற்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், ஒரு நோயாளிக்கே பல மரங்கள் தேவைப்படும் என்ற நெருக்கடியில், 1993-இல் மொன்டானாவைச் சேர்ந்த ஸ்டியர்ல் இணையரும் ஸ்ட்ரோபலும் அந்த மரத்துக்குள் வாழும் டாக்ஸோமைசிஸ் ஆண்ட்ரியானே என்ற பூஞ்சையும் டாக்ஸாலை ஆக்குகிறது என்று அறிவித்தார்கள். ஒரு லிட்டர் வளர்ப்பு ஊடகத்தில் கிடைத்தது 24 முதல் 50 நானோகிராம் வரைதான். அதன்பின் எத்தனையோ ஆய்வகங்கள் எத்தனையோ செடிகளிலிருந்து டாக்ஸால் தரும் பூஞ்சை கிடைத்ததாக எழுதின. ஆனால் இன்று மருத்துவமனைக்கு வரும் டாக்ஸால் பூஞ்சைத் தொட்டியிலிருந்து வருவதில்லை. யூ மர இலையில் கிடைக்கும் முன்னோடிச் சேர்மத்தை வேதிமுறையில் மாற்றியோ, யூ மரச் செல்களை வளர்த்தோதான் தயாரிக்கிறார்கள். 2013-இல் ஜெர்மனியின் ஆய்வுக்குழு ஒன்று இந்தப் பூஞ்சைகளை மறுபடி சோதித்து, டாக்ஸாலைத் தாமாகவே ஆக்குவதற்கான மரபணுத் தொகுதி அவற்றில் இல்லை என்று வெளியிட்டது.

புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மமான காம்ப்டோதெசினின் கதையும் இதை ஒட்டியதே. சீனாவின் காம்ப்டோதீகா மரத்திலிருந்து எடுத்த ஃபியூசேரியம் பூஞ்சை ஒன்று முதலில் அந்தச் சேர்மத்தைத் தந்தது. ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக மாற்றி வளர்த்தபோது அளவு குறைந்துகொண்டே போயிற்று. ஆராய்ந்தால், ஆக்கத் தொடரில் அவசியமான நொதி ஒன்று பூஞ்சையிடம் இல்லை; மரத்தின் நொதியைக்கொண்டே அது வேலையை முடித்திருக்கிறது. நம்மூரில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கும் நித்தியகல்யாணியிலிருந்து, வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஆக்கும் பூஞ்சை கிடைத்ததாக வந்திருக்கும் அறிக்கைகளையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மைக்ரோகிராம் அளவில் ஒரு சேர்மம் தென்பட்டால், அது பூஞ்சை ஆக்கியதா, இலையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மிச்சமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத கட்டுரையை நான் மாணவர்களுக்குச் சான்றாகக் கொடுப்பதில்லை.

செடிக்குரியது என்று நாம் எண்ணிய சேர்மத்தை உண்மையிலேயே பூஞ்சை ஆக்கும் இடங்களும் உண்டு. அவற்றில் ஒன்று டெல்டாக்காரர் எவருக்கும் அறிமுகமே வேண்டாத செடி. வாய்க்கால் கரையெங்கும் ஊதாப்பூவோடு மண்டி, தண்ணீர் வரும் பாதையை அடைத்து, ஒவ்வோர் ஆண்டும் தூர்வாரும்போது பொக்லைன் கொண்டு பிடுங்கியும் மறுபடி முளைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குதான் அது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியைத் தொடர்ந்து மேயும் ஆடுகளுக்கு நடை தள்ளாடி, நரம்பு மண்டலம் கெடும் என்பது பிரேசிலில் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. காரணம் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு. செல்லுக்குள் சர்க்கரைச் சங்கிலிகளைச் சிதைக்கும் மேனோசிடேஸ் என்ற நொதியை அது முடக்கிவிடுவதால், சிதையாத கழிவு செல்லிலேயே தேங்கிவிடுகிறது. 2013-இல் வெளிவந்த ஆய்வொன்று, இந்த நஞ்சை ஆக்குவது செடியன்று, விதை வழியாகவே தொடரும் கீட்டோதைரியேல்ஸ் வகைப் பூஞ்சை என்று காட்டியது. பூஞ்சைக்கொல்லி இட்ட விதையிலிருந்து வளர்ந்த செடிகளில் பூஞ்சையும் இல்லை, ஸ்வைன்சோனினும் இல்லை. இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் அரிது.

அந்த நஞ்சுக்கு மருத்துவ முகமும் இருந்தது. புற்றுச் செல்களின் மேற்பரப்புச் சர்க்கரை அமைப்பை மாற்றும் தன்மையால், 1990-களில் ஸ்வைன்சோனினைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்கான பின்னாளைய சோதனையில் பயன் தெரியாததால் அது மருந்தாகவில்லை.

பூஞ்சை தன் சொந்த முயற்சியில் தாவரச் சேர்மம் ஒன்றை ஆக்கும் என்பதற்கு நெல் வயலே சாட்சி. நாற்றுகளில் சில மட்டும் இயல்புக்கு மீறி நெடுநெடுவென வளர்ந்து, வெளிறி, மணி பிடிக்காமல் மடிவதைப் பார்த்திருப்பீர்கள். 1926-இல் ஜப்பானியரான குரோசாவா அதற்குப் பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று காட்டினார். பிறகு அதுவே ஜிப்பரெல்லின் எனப் பெயர் பெற்றது. செடியும் அதே வளர்ச்சி ஊக்கியை ஆக்குகிறது, ஆனால் இரண்டும் வெவ்வேறு நொதிகளைக்கொண்டு, தனித்தனியே பரிணமித்த வழிகளில் ஆக்குகின்றன. இந்தப் பூஞ்சை நோய்க்காரி. அகவாழ் பூஞ்சை என்று சொல்ல முடியாது. ஆயினும் ‘செடியிடமிருந்து மரபணு பூஞ்சைக்குத் தாவியது’ என்று எதற்கெடுத்தாலும் சொல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நியாயமான நம்பிக்கைக்கு வருகிறேன். ஸ்பெயினில் ஜூனிப்பர் மரத்தின் உயிருள்ள இலையிலிருந்து ஹார்மோனீமா என்ற அகவாழ் பூஞ்சை பிரித்தெடுக்கப்பட்டது. அது தரும் என்ஃபுமஃபஞ்சின் என்ற சேர்மம் பற்றிய கட்டுரை 2000-இல் வந்தது. மற்றப் பூஞ்சைகளின் செல்சுவருக்கு அடிப்படையான குளூக்கானை உருவாக்கும் நொதியை அது தடுக்கிறது. மனிதச் செல்லுக்குச் சுவரே இல்லை என்பதால் நமக்குத் தீங்கு குறைவு. அதன் கட்டமைப்பை வேதியியலாளர்கள் திருத்தி உருவாக்கிய ஐப்ரெக்ஸாஃபஞ்செர்ப் என்ற வாய்வழி மாத்திரை, பெண்களுக்கு வரும் கேண்டிடா தொற்றுக்காக 2021 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஜூனிப்பரின் மூலிகைக் குணத்துக்கும் இந்த மருந்துக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இலைக்குள் பிற பூஞ்சைகளோடு இடத்துக்குப் போட்டியிட்ட ஒன்று, அந்தப் போட்டிக்காகத் தானே செய்துகொண்ட ஆயுதம் அது. காங்கோவில் ஓர் இலையிலிருந்து எடுத்த பூஞ்சையில், இன்சுலின் ஏற்பியைத் தூண்டி எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சேர்மம் ஒன்று 1999-இல் கிடைத்ததும் இவ்வகைதான், அது மாத்திரையாகவில்லை. நம் நாட்டில், வேம்பிலிருந்து எடுத்த குளோரிடியம் பூஞ்சையில் ஜாவானிசின் என்ற பாக்டீரியா எதிர்ப்புச் சேர்மத்தைக் காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் எழுதினார்கள்.

ஆகவே எந்தச் செடியை எடுப்பது என்று என்னைக் கேட்டால், மூலிகைப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, பூஞ்சைகளுக்குள் நெருக்கடியும் போட்டியும் மிகுந்த இடத்தைப் பாருங்கள் என்பேன். டெல்டாவில் அப்படிப்பட்ட இடம் அலையாத்திக் காடு. உப்பும் வெயிலும் ஓதமும் மாறி மாறித் தாக்கும் இலைகளில் வாழ்வது எளிதன்று. கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் சுரபுன்னை இலைகளின் அகவாழ் பூஞ்சைகளைச் சென்னையைச் சேர்ந்த சூரியநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அடைமழைக் காலத்தில்தான் மிகுதியான பூஞ்சைகள் கிடைத்தன. ஐப்பசி, கார்த்திகையில் படகு பிடித்துப் போவது சிரமம் என்று மாசியில் இலை பறிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிதம்பரத்துக்குத் தன் பெயரைத் தந்த தில்லையும், முத்துப்பேட்டையின் அலையாத்தியும் எடுக்கத் தகுந்தவையே. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கிளையைத் தொடாதீர்கள். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் வனத்துறையின் பொறுப்பில் உள்ள காடுகள், முன்அனுமதி கட்டாயம். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரும் எண்ணம் இருந்தால், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் நுண்ணுயிரையும் உள்ளடக்கியது என்பதால், தரமணியிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தை முன்கூட்டியே அணுகுங்கள்.

ஆய்வகத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்றே. இலைத்துண்டை எத்தனாலிலும் ஹைப்போகுளோரைட்டிலும் நனைத்து மேற்பரப்பைத் தூய்மைப்படுத்திய பிறகு, அதே துண்டை வேறொரு அகர் தட்டில் அழுத்தி எடுத்து, அந்தத் தடத்தில் எதுவும் முளைக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கையில் கிடைப்பது காற்றில் வந்த ஆஸ்பெர்ஜில்லஸ்தான். அதுபோலவே, பாக்டீரியாத் தட்டில் பாக்டீரியா வளராமல் தெளிந்த வட்டம் விழுந்ததை ‘மருந்து’ என்று எழுதிவிடுகிறார்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினாலும் வட்டம் விழும். எவ்வளவு குறைந்த செறிவில் கிருமியைத் தடுக்கிறது, அதே செறிவு மனிதச் செல்லை என்ன செய்கிறது, சேர்மம் ஏற்கெனவே அறியப்பட்டதா என்ற மூன்றுக்கும் விடை வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பூசணம் பிடித்த மூலிகையில் குணம் கூடுதலாக இருக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஈரத்தோடு கட்டிவைத்த இலையிலும் வேரிலும் வளர்வது சேமிப்புப் பூஞ்சை. அதில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட சரக்கைத் தூக்கி எறிய வேண்டும்.

டெல்டாவில் உட்கார்ந்து, அதிகச் செலவில்லாமல், தெளிவான விடை தரக்கூடிய ஆய்வு ஒன்று வேண்டுமென்றால், நெய்வேலிக் காட்டாமணக்கையே பரிந்துரைப்பேன். மேட்டூர் திறப்புக்கு முன்பு வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று வெவ்வேறு ஆற்றுப் பாசனக் கரைகளில் விதை சேகரித்து, ஒரு பாதிக்குப் பூஞ்சைக்கொல்லி இட்டும் மறுபாதியை அப்படியே விட்டும் வளர்த்து, இரண்டின் இலைகளையும் நிறை நிறமாலைமானி வசதியுள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அனுப்பி ஸ்வைன்சோனின் அளவை ஒப்பிட்டால் போதும். கூடவே அந்தந்தக் கரையில் ஆடு மேய்ப்பவர்களிடம், எந்தப் பருவத்தில் ஆடு அந்த இலையைக் கடிக்கிறது, கடித்த ஆடு எப்படி ஆகிறது என்பதையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.